பன்னிரண்டு பத்துக்கு மொட்டுக் கிள்ளும் கை

இது நடந்தது. எனக்கே நடந்தது. தேதி இருக்கிறது, மணி இருக்கிறது. நம்புங்கள் என்று யாரிடமும் கெஞ்சப் போவதில்லை. நான் தாவரவியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பேய்க்குப் பயப்படுகிற வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் இருந்தேன். இன்னொன்று, இது ராத்திரியில் நடந்ததில்லை. உச்சி வெயிலில். அதுவும் தூத்துக்குடி வெயிலில்.

கன்டெய்னர் யார்டில் எனக்கு மதிய ஷிப்ட். இரண்டு மணிக்குப் போனால் போதும். அதுவரை வாடகை வீட்டு மொட்டை மாடிதான் என் உலகம். முப்பத்திரண்டு தொட்டி, எல்லாம் ரோஜா. இந்த ஊரில் ரோஜா வளர்ப்பதே ஒரு வீம்பு. போர்வெல் தண்ணீர் உப்பு, காற்றும் உப்பு. குடிக்க வாங்கிய கேன் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவேன். இலை இலையாகத் துடைப்பேன். எல்லாம் ஒன்பதரை விரலால். சின்ன வயதில், பனையேறியான அப்பாவின் பாளை சீவும் அரிவாளை எடுத்து விளையாடி, வலது கைச் சுண்டு விரலில் பாதி போய்விட்டது.

உடன்குடியிலிருந்து அம்மா போனில் திட்டுவாள். "ஏளா, அந்தத் தண்ணியில ஒம் மூஞ்சியக் கழுவுனாலாவது மாப்பிள்ள அமையும்."

அந்தத் தொட்டிகளில் ஒன்றுதான் என் உயிர். பன்னீர் ரோஜாவின் மகரந்தத்தைப் பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டு ஒரு மஞ்சள் ரோஜாவில் வைத்தேன். காய் பிடித்தது. பதினோரு விதை. முளைத்தது இரண்டு. பிழைத்தது ஒன்று. உலகத்தில் வேறெங்கும் இல்லாத செடி. என்ன நிறத்தில் பூக்கும் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பூத்ததும் நான்தான் பெயர் வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் மரம் ஏறியவர்கள், எந்த மரத்துக்கும் பெயர் வைத்தவர்கள் இல்லை. பதினாலு மாதம் காத்திருந்தேன்.

தெருக்கோடியில் ஒரு வீடு இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அதன் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே கறுஞ்சிவப்பு ரோஜா ஒன்று எட்டிப் பார்க்கும். தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆனால் இலையில் ஒரு புள்ளி கிடையாது. எனக்கு வயிறு எரிந்தது.

"யார்ட்டக்கா கேக்கணும், ரெண்டு குச்சி வேணும்" என்றேன், பக்கத்து வீட்டு ஜெயஷீலா அக்காவிடம்.

"கேக்கவா? கேட்டு வாங்குனா குச்சி பிடிக்காதுளா. களவாண்டு வச்சாத்தான் துளிர்க்கும். எங்க வீட்டு மல்லி, கறிவேப்பில, எல்லாம் களவுதான்."

"அப்ப ஒங்க வீட்டு அண்ணாச்சி?"

"அவரு ஒருத்தரத்தான் கேட்டு வாங்குனது. அதான் இன்னும் துளிர்க்கல."

மார்ச் 9, ஞாயிறு. மாதா கோயிலில் பன்னிரண்டு மணி அடித்து ஓய்ந்தது. தெருவில் ஆளில்லை. ஏழு குச்சி வெட்டினேன். மணி பார்த்தேன். 12:10. வீட்டுக்கு வந்து கற்றாழைச் சாற்றில் முக்கி, புதுத் தென்னை நார்த் தூளில் நட்டு, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடினேன்.

ரோஜாக் குச்சி பிடிக்க மூன்று வாரமாவது ஆகும். ஆறாம் நாளே ஏழும் துளிர்த்துவிட்டன. ரோஜாப் பைத்தியங்கள் எல்லாரும் செய்யும் தப்பை நானும் செய்தேன். வேர் விட்டிருக்கிறதா என்று ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்.

வேர் இருந்தது. வேரைச் சுற்றி ஒரு நரைமுடி. முழ நீளம். தேங்காய் எண்ணெய் வாசம்.

என் முடி கறுப்பு. தோளைத் தாண்டாது.

மறுநாள் கீழே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மணி 12:10. மாடியில்... க்ளிக்.

செடி வெட்டும் கத்தரியின் சத்தம். என் கத்தரி கண்ணெதிரே ஆணியில் தொங்கியது.

க்ளிக்... க்ளிக்.

ஓடினேன். மாடிக்கு வழி என் வீட்டுக்குள்தான். யாருமில்லை. மூன்று தொட்டியில் காய்ந்த கிளைகள் வெட்டப்பட்டிருந்தன. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக, பிசிறில்லாமல். நான் ஒருநாளும் அவ்வளவு சுத்தமாக வெட்டியதில்லை. உள்ளங்கை வியர்த்தது. கோபத்தில்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

அதன் பிறகு தினமும். ஒரு நிமிடம் முன்பின் இல்லை.

ஏப்ரலில் என் செடி மூன்று கிளை விட்டது. மூன்றிலும் மொட்டு.

ஏப்ரல் 25, மதியம். ஒரு மொட்டு இல்லை. கிள்ளி, தொட்டி விளிம்பில் வைத்திருந்தது.

ஏப்ரல் 26. இன்னொன்று.

இளஞ்செடியில் முதல் மொட்டுகளைக் கிள்ளினால் செடி பலப்படும். நானும் படித்திருக்கிறேன். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவள் நான். வேறு எவளுக்கும் அதில் வேலை இல்லை.

அம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். "அங்கன இருக்காதளா! நாளைக்கே அப்பாவ அனுப்புதேன், பெட்டியக் கட்டு."

"பூவப் பாக்காம வர மாட்டேன். போன வையி."

ஏப்ரல் 27, ஞாயிறு. 11:45க்கே தொட்டி பக்கத்தில் உட்கார்ந்தேன். தளம் சுட்டது. எழுந்திருக்கவில்லை.

12:00. கோயில் மணி.

12:06. காற்று நின்றது. இந்த ஊரில் கடல்காற்று அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

12:09. தேங்காய் எண்ணெய் வாசம்.

12:10.

க்ளிக்.

பின்னால்... இல்லை, பக்கத்தில்.

க்ளிக்.

தரையில் என் நிழல் காலடியில் சுருண்டு கிடந்தது. அதை ஒட்டி இன்னொரு நிழல்.

நிமிர்ந்தேன். மொட்டுக்கு மேலே ஒரு கை.

கை மட்டும்.

சுருங்கிய தோல். ஒற்றை வளையல். கத்தரி இல்லை. இரண்டு விரல் திறந்தது... மூடியது.

க்ளிக்.

பிடித்துவிட்டேன். மணிக்கட்டை. நகம் பதிய.

குளிரவில்லை. வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே நாடி துடித்தது.

செத்த கைக்கு நாடி எதற்கு?

"ஒங்க குச்சியக் களவாண்டேன். சரி. ஏழு குச்சியையும் நீங்களே பாத்துக்கிடுங்க" என்றேன். "இதத் தொடாதீய. இது நான் பெத்தது."

இழுத்தது. நான் விடவில்லை.

இழுத்தது.

விடவில்லை.

12:17. என் பிடிக்குள் எதுவும் இல்லை. காற்று திரும்ப வீசியது.

ஏப்ரல் 29 காலை பூ விரிந்தது. கருப்பட்டிப் பாகின் நிறம். ஓரத்தில் மட்டும் மஞ்சள் கோடு. பன்னீர் வாசம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பயத்தில் இல்லை.

மே மாதம் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த வீடு திறந்தது. அந்த வீட்டுக்காரம்மாவின் மகள் ஜெப்ஸி சென்னையிலிருந்து வந்திருந்தார். போய்க் களவை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

"மம்மிக்குத் தெரிஞ்சா உன் கைய ஒடிச்சிருப்பாங்க. சீவுற முடியக்கூட அந்த ரோஜா வேர்லதான் பொதைப்பாங்க. அவ்வளவு உசுரு."

"மம்மி எப்ப தவறுனாங்க?"

"தவறவா? உயிரோடதான் இருக்காங்க. என் ஃப்ளாட்ல. ரெண்டு வருசமா வாதத்துல படுக்கை. வலது கையில ரெண்டு விரல் மட்டும் ஆடும், அதுவும் மத்தியானத்துல. கத்தரி பிடிக்கிற மாதிரி."

நான் என் வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன்.

"அந்தக் கையையும் விடல, பாவி" என்றார். "ஆறுமுகத்தாய்னு ஸ்ரீவைகுண்டத்துக்காரி. மம்மியப் பாத்துக்க இங்கருந்துதான் கூட்டிட்டுப் போனேன். கைய முறுக்கியிருக்கா. நான் தொடவே இல்லன்னு சாதிச்சா. அன்னைக்கே அனுப்பிட்டேன். ஃபோட்டோ இருக்கு, பாரு."

போனை வாங்கினேன். ஏப்ரல் 27. மதியம் 12:31.

என் பிடி காலியானது 12:17. ஒரு வேலைக்காரி மேல் பழி போட இவர்களுக்குப் பதினாலு நிமிடம் போதுமாயிருக்கிறது.

படத்தில் அதே கை. அதே ஒற்றை வளையல். மணிக்கட்டின் மேல் பக்கம் மூன்று விரல் தடம் முழுசாக, கன்றிப்போய். நாலாவது, சுண்டு விரல் தடம்... பாதிதான்.

"ஆறுமுகத்தாய்க்கு அஞ்சு வெரலும் முழுசா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ஏன்?"

என் வலது கையை அந்தப் படத்தின் மேல் வைத்தேன்.