உளவாளிக்கு நான் கொடுத்த தங்கச்சி

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையின் நமுனுகுல மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. எனக்கு அப்போது இருபது வயது. சாதாரண தரப் பரீட்சை வரை படித்திருந்தேன், ஆங்கிலப் பாடத்தில் மட்டும் கோட்டை விட்டிருந்தேன்.

அலுமாரித் தட்டில் விரிப்பதற்காகத் துரை பங்களாவிலிருந்து வாரம் ஒரு கட்டு பழைய ஆங்கிலப் பேப்பர் வரும். அதில் ஒவ்வொரு நாளும் ஒரு மூலையில் மூன்று கட்டங்களாக ஒரு படக்கதை இருக்கும். ஏதோ உளவாளி நாவலைப் படமாக வரைந்து தொடராகப் போட்டிருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லியான ஆள், ஒட்ட வெட்டிய முடியோடு ஒரு பெண், பனியில் போகிற ரயில், யாரும் திறக்காத ஒரு பெட்டி. எழுத்து ஒன்றும் புரியாவிட்டாலும் படத்திலிருந்து கண்ணை எடுக்க முடியாது.

ஒருநாள் காலை பத்து மணிக்குப் பிள்ளைகளுக்குப் பால் கொடுக்க வந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள பாக்கிற? கதையா? எங்களுக்கும் வாசிச்சுக் காட்டேன். இங்கிலீஷ் வருமில்ல?"

"கொஞ்சம் வருங்க" என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் 'கொஞ்சம்'தான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்றிலிருந்து எழுத்துகளுக்கு அடியில் விரலை ஓட்டிக்கொண்டே, படத்தைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். ஒருநாள் கண்ணாடிக்காரன் அந்தப் பெண்ணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். பிள்ளைக்காரிகள் முன்னால் அதை எப்படிச் சொல்வது? கூச்சத்தில் சட்டென்று, "இவ அவனோட தங்கச்சிங்க. சின்ன வயசுல திருவிழாக் கூட்டத்துல காணாமப் போனவ" என்றேன். இரண்டு பேர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கதை அப்படியே மலைக்கும் போனது. கொழுந்தெடுக்கிற வரிசையில் கண்ணாடிக்காரன் பேச்சுதான் என்றார்கள். "இங்கிலீஷ் படிக்கிற புள்ள" என்று என்னைப் பார்த்துச் சொல்லும்போது எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக ஒரு மருத்துவிச்சி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பிள்ளைகளுக்கு நிறை பார்க்க வந்தவர், எனக்குத் தொண்டை கட்டிச் சத்தமே வராமல் இருப்பதைக் கண்டார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு நீர் ஒரு வார்த்தையும் கதைக்கக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார்.

பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். கதை இல்லை என்றதும் முகம் தொங்கிப்போனது.

"அவ்வளவுதானே? பேப்பரைத் தாங்கோ, நான் வாசிக்கிறன்" என்றார் மிஸ்ஸி.

கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன். "பேசாமல் இரும்" என்று சிரித்துவிட்டுப் பேப்பரை விரித்தார்.

படத்தில் அந்தப் பெண் கையில் துப்பாக்கியோடு நின்றாள். மிஸ்ஸி உள்ளதை உள்ளபடியே தமிழில் சொன்னார்.

"'அன்பே, உன்ர கண்ணைப் பார்த்த நாளே நான் மயங்கிப் போனன். ஆனா உன்னைச் சுடச் சொல்லி எனக்குக் கட்டளை வந்திருக்கு...'"

"ஐயய்யோ!" ஓர் அக்கா காதைப் பொத்திக்கொண்டார். "என்னங்க மிஸ்ஸி இது அசிங்கம்? அது அவன் கூடப் பொறந்த தங்கச்சிங்க!"

"தங்கச்சியோ?" மிஸ்ஸி பேப்பரைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "இல்லையே, இவள் எதிரி நாட்டு உளவாளி எண்டுதானே..."

"திருவிழாவுல காணாமப் போன தங்கச்சிங்க! நாங்க எத்தன நாளா கேக்கிறோம்!"

மிஸ்ஸி என்னைப் பார்த்தார். நான் ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, நிலம் பிளக்காதா என்று உட்கார்ந்திருந்தேன். ஒரு நொடிதான். என் முகத்தில் அவர் எல்லாவற்றையும் வாசித்துவிட்டார்.

"ஓம் ஓம்," என்றார் மெதுவாக. "எனக்குத்தான் பிழைச்சுப் போச்சு. தங்கச்சிதான். எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு ஓடாது."

கூட்டம் சமாதானமாகிவிட்டது. போகும்போது ஒருவர் என் காதில், "பாவம் அந்த மிஸ்ஸி, ஒன்ன மாதிரி படிக்கல போல" என்றார். அது என்னை ஊசியாகக் குத்தியது. ஆனாலும் நான் தப்பித்துவிட்டேன் என்ற நிம்மதிதான் அன்றைக்குப் பெரிதாக இருந்தது.

மறுநாள் அந்த நிம்மதி போய்விட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயத்து அக்கா தன் ஒன்பது மாதப் பிள்ளையை என் கையில் கொடுத்தார். உடம்பு அனலாகக் கொதித்தது.

"மருந்து குடுக்கலயா அக்கா?" என்றேன், பாதிச் சத்தத்தில்.

"மிஸ்ஸி நேத்து ஒரு போத்தல் குடுத்தாங்க புள்ள. போத்தல்ல எல்லாம் இங்கிலீஷு. அவங்களுக்குத்தான் வாசிக்க வராதே! ஒரு கரண்டிய ரெண்டு கரண்டின்னு சொல்லியிருந்தா? பயமா இருந்திச்சு, குடுக்கல."

நான் விளையாட்டாகச் சொன்ன பொய் எங்கே வந்து நிற்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. வேலைக்குப் போக நின்ற தாய்மார் ஏழெட்டுப் பேர் அங்கேயே இருந்தார்கள். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, கரகரத்த தொண்டையில் சொன்னேன்.

"மிஸ்ஸிக்கு இங்கிலீஷ் நல்லா வருங்க. எனக்குத்தான் ஒரு எழுத்தும் வராது. படத்தப் பாத்து நானாக் கட்டிச் சொன்ன கதைங்க எல்லாம். தங்கச்சியும் பொய், திருவிழாவும் பொய். மருந்தக் குடுங்க அக்கா, தயவு செஞ்சு குடுங்க."

அந்த அக்கா என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிப்போய் மருந்தைக் கொடுத்தார். மற்றவர்களில் வயதில் பெரியவர் மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அடிப்பாவி! அந்தத் தங்கச்சிக்காக நான் மாரியம்மனுக்கு வெளக்கு ஏத்துனேன்டி!"

அவ்வளவுதான். ஒருவர் களுக்கென்று சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பின்னேரம் பிள்ளை வியர்த்துக் காய்ச்சல் இறங்கியது. கடைசி லயத்து அக்கா மட்டும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "சாப்பிடு, பொய்க்காரி" என்றார்.

மிஸ்ஸியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"நானும் பொய்தானே சொன்னனான்," என்றார். "மருந்து குடுக்கிற ஆள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா உம்மட முகத்தைப் பார்த்தாப் பிறகு வேற ஒண்டும் வாயில வரேல்லை."

அதற்குப் பிறகுதான் உண்மையான கொண்டாட்டம். மிஸ்ஸி வருகிற நாட்களில் பேப்பரில் இருக்கிற கதையை அவர் வாசிப்பார். முடிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பி, "இப்ப நீ சொல்லு புள்ள" என்பார்கள். தொடர் முடிகிற நாளில் கண்ணாடிக்காரன் ஆற்றுப்பாலத்தில் சுடப்பட்டு விழுந்தான். "இது வேணாம்" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். என் கதையில் அவன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளை ஸ்டேஷனில் வந்து இறங்கினான். எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் மிஸ்ஸிதான்.

அடுத்த வருடம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார். நான் பிறகு ஒரு பாலர் பாடசாலையில் ஆசிரியையானேன். எழுத்துத் தெரியாமல் முழிக்கிற ஒரு பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போதெல்லாம், தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன மிஸ்ஸியின் மனசில் கொஞ்சமாவது எனக்கும் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருகிறேன்.