பக்கத்து மனையில் புற்று

கொஞ்ச நாளாக நான் தரையைப் பார்த்தே நடக்கிறேன். வெட்கமெல்லாம் இல்லை... பயம்.

மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மனை காலி. உரிமையாளர் எங்கோ வெளிநாட்டில். மனை முழுக்கப் புல். மழை பெய்தால் இடுப்பளவுக்கு வளரும். மாடு வந்து மேயும். மறுபடி வளரும். ஒரு நாள் காலையில் அந்த மனையின் ஓரத்தில், எங்கள் காம்பவுண்ட் சுவரை ஒட்டி, ஒரு சின்ன மண்மேடு தெரிந்தது. அடுத்த வாரமே அது முழங்கால் உயரம்.

முதலில் கண்டுபிடித்தவள் எதிர் வீட்டு சாந்தி. இட்லி மாவு அரைத்து விற்பவள். எங்கள் தெருவுக்குச் செய்தி அறிக்கை வாசிப்பவளும் அவள்தான்.

"அக்கா, உங்க செவுத்தாண்ட புத்து கெளம்பிக்கீது. பாத்தீங்களா?"

பார்த்தேன். அன்றிலிருந்துதான் இந்தப் பயம்.

காரணம் இருக்கிறது. என் மகள் மீரா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். எட்டு மாதம். தாம்பரத்தில் அவளைப் பார்க்கும் டாக்டர், தினமும் சாயங்காலம் நடக்கச் சொல்லியிருக்கிறார். தெருவில் நடக்கலாம் என்றால் பள்ளம், நாய், பைக். மொட்டை மாடிக்குப் போகலாம் என்றால் படி ஏற நான் விடுவதில்லை. மிச்சம் இருப்பது வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே இருக்கும் சந்து. அதில்தான் செருப்புகூடப் போடாமல் முன்னும் பின்னும் நடப்பாள். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் புற்று. புற்றுக்குள் யார் இருப்பார்கள்? எங்கள் வீட்டில் அதன் பெயரைச் சொல்வதில்லை. 'பூச்சி' என்போம்.

"ஆளை வச்சு அந்த மேட்டை வெட்டிப் போட்டுட்டா முடிஞ்சது" என்றார் என் கணவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"மாசமா இருக்கற பொண்ணை வீட்ல வச்சுக்கிட்டு மண்ணைத் தோண்டுவாங்களா? அதுவும் புத்தை?"

"நான் எங்க தோண்டறேன்? ஆள்தானே தோண்டப் போறான்."

"பாவம் ஆளுக்கா வரும்? வயித்துல இருக்கறதுக்குத்தான் வரும்."

இதையெல்லாம் நம்புகிறீர்களா என்று கேட்காதீர்கள். இந்தப் பத்திரிகையில் இதே பக்கத்தில் வாஸ்துவைக் கிண்டல் செய்து எழுதியவள்தான் நான். ஆனால் மகள் வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்கும்போது, எது உண்மை எது பொய் என்று எந்த அம்மா டெஸ்ட் செய்து பார்ப்பாள்?

ஆகவே வெட்டவில்லை. கும்பிட்டோம். சாந்தி மஞ்சள் தெளித்து, குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றினாள். பாலும் முட்டையும் என் செலவு. செவ்வாய், வெள்ளி என்று ஆரம்பித்தது தினசரி ஆனது. சாயங்காலம் வைக்கும் முட்டை காலையில் இருக்காது.

"அம்மா எட்த்துக்கினா" என்பாள் சாந்தி, பூரிப்பாக.

எனக்கோ ஒவ்வொரு முட்டை காணாமல் போகும்போதும் பயம் கூடும். உள்ளே இருப்பது உறுதியாகிவிட்டதே! இனி வைக்காமல் நிறுத்தினால் கோபம் வரும். வைத்துக்கொண்டே இருந்தால் கிளம்பாது. சந்தில் நடக்க மீராவுக்குத் தடை போட்டேன். ஹாலில் டைனிங் டேபிளைச் சுற்றி நடந்தாள் பாவம்.

"அம்மா, எனக்குத் தலை சுத்துது. செக்கு மாடு மாதிரி இருக்கு."

"தலை சுத்தினா உட்காரு. கால்ல ஏதாவது ஏறினா என்ன பண்ணுவ?"

பயம் வந்தால் தூக்கம் வராது, செல்போன்தான் வரும். படித்தேன். பாம்பு புற்று கட்டுவதே இல்லையாம். கட்டுவது கரையான். பூமிக்குள்ளிருந்து ஈர மண்ணை வாயில் எடுத்து வந்து, எச்சில் சேர்த்து, உருண்டை உருண்டையாக ஒட்டும். உள்ளே காற்றுப் போக வழி விடும். அது காலி செய்துவிட்டுப் போனால், நம் பூச்சி அட்வான்ஸ் இல்லாமல் குடியேறும். கரையான் மட்டுமல்ல, புல்வெளி முழுக்க ஆளாளுக்கு மண் வேலை. மழை விட்டதும் எறும்பு பொடி மண்ணைத் தள்ளி வளையைச் சுற்றிக் குவிக்கும். மண்புழு தின்ற மண்ணைச் சுருள் சுருளாக மேலே போடும். எலிக் கூட்டம் தோண்டுகிற வளைக்கு வாசலிலேயே குப்பை மேடு. நாம் சாதாரணப் புல் தரை என்று நினைப்பதெல்லாம், கீழே இருந்த மண் மேலே வந்து உட்கார்ந்ததுதான்.

படித்தேனே தவிர, புத்தியில் ஏறவில்லை.

ஒரு சாயங்காலம் மீராவைக் காணவில்லை. தேடினால், நான் போட்ட தடையை மீறி மாடிப்படி ஏறி பால்கனியில் நிற்கிறாள். கையில் செல்போன். திட்ட வாயைத் திறப்பதற்குள் வீடியோவை நீட்டினாள்.

"பாரும்மா. உங்க அம்மனுக்கு நாலு காலு."

பார்த்தேன். புற்றின் பக்கவாட்டிலிருந்து பூனைக்குட்டி சைஸில் ஒரு பெருச்சாளி வெளியே வருகிறது. முட்டையை முகர்கிறது. தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடுக்கி உருட்டிக்கொண்டு உள்ளே போகிறது. பின்னாலேயே இன்னொன்று வந்து பாலை நக்குகிறது. அது புற்றே இல்லை. பெருச்சாளி வளை தோண்டி வெளியே தள்ளிய மண். உதிரி மண். மஞ்சள் தண்ணீரும் பாலும் ஊற்றி ஊற்றி அதைக் கெட்டிப்படுத்தியது நாங்கள்தான்.

சாந்தியிடம் காட்டினேன். இரண்டு தடவை போட்டுப் பார்த்தாள்.

"அதனால இன்னாக்கா? பிள்ளையார் வாகனம்தானே."

மறுநாள் அவள் கொழுக்கட்டை வைத்தாள். நான் தடுக்கவில்லை. எனக்கு இருந்த நிம்மதியில் பாயசமே வைத்திருப்பேன். பூச்சி இல்லை! வெறும் பெருச்சாளி! தடை நீங்கியது. மீரா மறுபடி சந்தில் நடக்க ஆரம்பித்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போகக்கூட இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

பிறகு மழை வந்தது. விடாமல் அடித்து, ஒரு மத்தியானம் ஓய்ந்தது. சாயங்காலம் மீரா சந்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம்கூட இல்லை. மூட்டையை இறக்கி வைத்தது போல 'தொம்' என்றது. ஜன்னல் வழியே பார்த்தால்... சந்து இல்லை. காம்பவுண்ட் சுவர் மொத்தமாக உள்பக்கம் படுத்திருக்கிறது. சந்து முழுக்கச் செங்கல்.

மீரா என்று கத்தினேன். பதில் இல்லை. எப்படி வெளியே ஓடினேன் என்று தெரியாது. கத்தி கையிலேயே இருந்ததாம், என் கணவர் பிறகு சொன்னார்.

அவள் கேட் பக்கத்தில் நின்றிருந்தாள். காதில் போன். பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டிருக்கிறார். சந்தில் சிக்னல் வராது. பேசுவதற்காக வாசலுக்கு வந்திருக்கிறாள்.

"என்னம்மா ஆச்சு?" என்றாள்.

நான் ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிய முடியாமல் குனிந்து, என் தலையைத் தடவினாள். அவள் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய நிலைமை.

செங்கலை எடுத்தபோது எல்லாம் தெரிந்தது. சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தை ஒட்டி வளை வளையாகச் சுரங்கம். உள்ளே முட்டை ஓடுகள். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கி, இருந்த மண்ணையும் கரைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு மேடு வந்தால், அந்த மண் எங்கேயோ பள்ளமாகியிருக்க வேண்டுமல்லவா? நாங்கள் எல்லோரும் மேட்டையே பார்த்தோம். மஞ்சள் தெளித்தோம், வீடியோ எடுத்தோம், செல்போனில் படித்தோம். இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. பயப்பட வேண்டாத நாளெல்லாம் பயந்தேன். பயப்பட வேண்டிய அன்றைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஓடி வந்த சாந்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாத்தீங்களாக்கா, நம்ம அம்மாதான் கரீக்ட்டா போனைப் போட வெச்சா." நான் வாதம் பண்ணவில்லை. அந்த நேரத்தில் யாருக்காவது நன்றி சொல்லியாக வேண்டும் போல இருந்தது. மாப்பிள்ளைக்குச் சொன்னேன். அம்மனுக்கும் சொன்னேன்.

கொத்தனார் வந்து பார்த்தார். "ஆழமா தோண்டி, புதுசா அஸ்திவாரம் போடணும் சார். நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்."

என் கணவர் மீராவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்தார்.

"பிரசவம் முடியட்டுமே" என்றார்.

அதனால் இப்போது சந்துக்கும் புல்வெளிக்கும் நடுவே ஒன்றும் இல்லை. பெருச்சாளி இருக்கும் இடத்தைத் தேடித்தான் பூச்சி வருமாம். அதையும் படித்துத் தொலைத்துவிட்டேன். தினமும் சாயங்காலம் மீரா நடக்கிறாள். நான் நாற்காலி போட்டு, புல்லைப் பார்த்தபடி, கையில் கம்போடு உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போதைக்கு எங்கள் வீட்டு காம்பவுண்ட் சுவர் நான்தான்.