போர்டிகோவின் நடுத்தூண்

நாம் வரைந்து கொடுத்த வீட்டில் எங்கே விரிசல் விழுந்தாலும், முதலில் அது நம் வயிற்றில்தான் விழும். பிளானில் கையெழுத்துப் போட்டுப் பிழைக்கும் ஆர்க்கிடெக்ட் சகோதர சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

வீடியோ காலில் வந்த உத்தரவு

பரங்கிப்பேட்டையில் ஒரு வீடு. ஓனர் துபாயில். அவர் மனைவி ஜமீலா அக்காதான் கட்டுமானத்தைப் பார்த்துக்கொண்டார். புதுக் காரைத் திருப்ப போர்டிகோவின் நடுத்தூண் இடைஞ்சலாக இருக்கும் என்று ஓனருக்கு வீடியோ காலில் தோன்றிவிட்டது. எடுத்துவிடச் சொல்லிவிட்டார்.

எனக்கு அப்போது எட்டாவது மாதம். சிதம்பரத்திலிருந்து ஓடினேன். தூண் இல்லாவிட்டால் மேலே இருக்கும் பீம் தாங்காது என்று அக்காவை வைத்துக்கொண்டே மேஸ்திரியிடம் சொன்னேன். எழுதிக் கொடுக்கத் தோன்றவில்லை. அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க வேணாங்கறீங்க, அவுரு எடுங்கறாரு. நான் யாரு பேச்சதான் கேக்கறது மேடம்?"

ஒரே ஒரு சாரி

நான் பிரசவத்துக்குப் போன நேரத்தில் தூணும் போய்விட்டது. அடுத்த மழையில் பீமில் விரிசல். போய்ப் பார்த்தபோது ஓனர் வீடியோ காலில் கத்தினார். யார் கத்தினாலும் முதலில் சாரி சொல்லிவிட வேண்டும் என்று கான்வென்டில் பழகிய வாய். சொல்லிவிட்டேன். அவர் அதை ரெக்கார்ட் செய்துகொண்டார்.

டிசைனில் கோளாறு, ஆர்க்கிடெக்டே ஒப்புக்கொண்டார் என்று நுகர்வோர் கோர்ட்டில் வழக்கு. என் ஆர்க்கிடெக்ட் பதிவையே ரத்து செய்யச் சொல்லி கவுன்சிலில் தனியாக ஒரு புகார். பதிவு போனால் தொழிலே போச்சு. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதும் புகாரின் நகலையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

கடலூர் வக்கீலம்மா, பயந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகியவர், முதலில் எனக்கு டீ வரவழைத்தார். பிறகு அந்த வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சாரி சொல்லக் கத்துக்குடுத்த சிஸ்டருங்க, எங்க சொல்லக்கூடாதுன்னும் சொல்லிக்குடுத்திருக்கலாம்ல?"

புது கிளையன்ட்

செய்தி பரவியது. சிதம்பரத்தில் வீடு கட்ட என்னிடம் பிளான் போடச் சொல்லியிருந்த ஜவுளிக்கடைக்காரர் ஆபீசுக்கு வந்தார். வேறு ஆளிடம் கொடுக்க பிளானை வாங்கிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று நானே எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"கேசுல மாட்டுனவங்கதாம்மா இனிமே கம்பிய எண்ணிப் பாப்பாங்க. எங்க வூட்ட நீங்களே போடுங்க."

ஆய்வு நாள்

கோர்ட் அனுப்பிய இன்ஜினியர் போர்டிகோவை அளந்தார். வரைபடத்தில் தூண் இருந்தது, தரையில் இல்லை. எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். துபாயிலிருந்து ஓனர், ஜமீலா அக்காவின் கையிலிருந்த போனில், "அந்த ஆர்க்கிடெக்டம்மாவே சரின்னாங்க" என்றார்.

மேஸ்திரி மண்ணைப் பார்த்தார். என் கையில் எழுத்தில் எதுவும் இல்லை. ஜமீலா அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கணவரை எதிர்த்து அவர் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தாமல் போனைப் பார்த்தே சொன்னார்:

"நாளைக்கு அல்லாட்ட நானும்தான் பதில் சொல்லணும் மச்சான். இந்தப் புள்ள வயித்தத் தூக்கிக்கிட்டு வந்து வேணாம் வேணாம்னு சொல்லிச்சு, நான் பக்கத்துலதான் நின்னேன். நீங்க கார வேணா தெருவுல வுட்டுக்குங்க."

வழக்கும் புகாரும் வாபஸ், தூண் பழைய இடத்தில், கார் தெருவில். சாரி சொல்வதை மட்டும் நான் இன்னும் விடவில்லை, போன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.