மடை திறக்கிறவருக்கு ஓர் இடம்

மறதிக்காரருக்கு இல்லம் பார்க்கிற வேலை இருக்கிறதே, அது சம்பந்தம் பேசப் போகிற மாதிரி: போகிற வீட்டில் எல்லோரும் சிரிப்பார்கள், நாம் மட்டும் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்க்க வழி தேடிக்கொண்டு நிற்போம். வீட்டில் ஒரு மறதிக்காரரை வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர் பின்னாலேயே ஓடி, அடுப்பில் வைத்த பாலை மறந்து, கடைசியில் மறதி யாருக்கு என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிற என் கூட்டாளிகளே, செத்த நேரம் இப்படி வாங்க, சொல்கிறேன்.

எங்களுக்குக் கூமாப்பட்டி. என் வீட்டுக்காரர் பட்டாளத்தில், வடக்கே இருக்கிறார். வீட்டில் நான், மூன்று வயது மகள் யாழினி, என் மாமனார். மாமா ஊருக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். கண்மாய்த் தண்ணீரை இன்றைக்கு இந்த வயலுக்கு, நாளைக்கு அந்த வயலுக்கு என்று முறை வைத்து, மடையைத் திறந்து அடைக்கிற வேலை. ஞாபகம் ஒவ்வொன்றாகக் கழன்றபோது முதலில் என் பெயர் போனது. மகன் முகம் வந்து வந்து போனது. தண்ணீர் மட்டும் போகவே இல்லை. விடியப் போகிற நேரத்தில் எழுந்து வீட்டில் இருக்கிற குழாயை எல்லாம் திறந்துவிடுவார். "மேலக்காட்டுக்கு முறை" என்பார். நான் ஓடிப் போய் அடைப்பேன். அவர் மறுபடி திறப்பார். பாதித் தூக்கத்தில் எனக்குப் பிளவக்கல் அணையே தளும்பி எங்கள் வாசலில் இறங்குகிற மாதிரிக் கனவு வரும். ரொம்ப அழகான கனவு, கால் நனைகிற வரைக்கும்.

அதோடு நின்றிருந்தால் சமாளித்திருப்பேன். மழைக்குப் பிறகு ஒரு காலையில் மாமா மண்வெட்டியோடு வாய்க்காலுக்கே போய்விட்டார். இடுப்பளவு தண்ணீரில் அவர் நிற்க, வழுக்குகிற கரையில் அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு யாழினி நின்றாளாம். ஆடு பத்திக்கொண்டு போன அக்கா ஒருத்திதான் இரண்டு பேரையும் கூட்டி வந்தாள். பிள்ளையைப் பார்த்தால் மாமா போய்விடுகிறார், மாமாவைப் பார்த்தால் பிள்ளை போய்விடுகிறது. வீட்டுக்காரர் போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல இடமாப் பாரு" என்றார். இப்படித்தான் நான் இந்த இல்லம் பார்க்கிற வேலையில் சேர்ந்தேன்.

கேசரி

முதல் இல்லம் ஸ்ரீவில்லிபுத்தூரில். விவரம் தெரியாமல், "நாளைக்குப் பதினோரு மணிக்கு வாரோம்" என்று போன் போட்டுச் சொல்லிவிட்டு யாழினியோடு போனேன். பால்கோவா ஊரில் எங்களுக்குக் கேசரி வைத்தார்கள். கூடத்தில் வயசானவர்கள் வரிசையாக நாற்காலியில், முகத்தில் பவுடர், நெற்றியில் திருநீறோ நாமமோ அவரவருக்கு ஏற்றபடி, முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். மேலே மின்விசிறி மெதுவாகச் சுற்ற, அந்த வரிசையே குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்து, போட்டோக்காரர் வராமலே வருசக் கணக்காகிவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு மனசு லேசாகி, இங்கேயே முடித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

யாழினி தன் கேசரியைக் கொண்டுபோய்க் கடைசி நாற்காலியில் இருந்த அம்மாவுக்கு ஊட்டப் போனாள். நானும் பின்னால் போனேன். அந்த அம்மா ஒரு வாய் வாங்கிக்கொண்டு, என் சேலையைப் பிடித்து இழுத்துக் காதோடு சொன்னார்: "பவுடர் பூசுனா ஆள் வருதுன்னு அர்த்தம். நீ தெனமும் வா தாயி, எங்களுக்கும் கேசரி கெடைக்கும்."

திருகு இல்லாத குழாய்

அதிலிருந்து போன் போடுவதை விட்டேன். சாப்பாட்டு நேரத்துக்குச் சொல்லாமல் போவது, வாசல் வழியாக நுழைந்து கொல்லைப்பக்கம் தண்ணீர் கேட்பது, பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறவர்களின் கைநகத்தைப் பார்ப்பது என்று எனக்கு நானே சில வழி வைத்துக்கொண்டேன். நகத்தில் பொய் சொல்ல முடியாது.

இரண்டாவது இல்லம் ராஜபாளையத்தில். அப்படி ஒரு சுத்தம்! தரையில் என் முகம் தெரிந்தது. நகம் எல்லாம் வெட்டியிருந்தது. மேனேஜர் தம்பி மரியாதையானவர். மாமா குழாய் திறக்கிற கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே குளியலறையைக் காட்டினார். குழாய் ஒன்றிலும் திருகு இல்லை. திருகு எல்லாம் ஆயாவின் சாவிக்கொத்தில் இருந்தது. அங்கே இருந்தவர்களும் அந்தக் குழாய் மாதிரியே இருந்தார்கள். ஒரு பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தார்; ஜன்னல் சாத்தியிருந்தது. "எங்க மாமா ராத்திரி தூங்கி எந்திரிச்சதுமே தண்ணியத் தேடுவாரே, குழாயில திருகு இல்லாட்டி ரகளை பண்ண மாட்டாரா?" என்றேன். மேனேஜர் தம்பி எனக்குத் தைரியம் சொல்கிற குரலில்தான் சொன்னார்: "கவலையே படாதீங்க மேடம், இங்க வந்து ஒரு மாசத்துல அவருக்கு எந்தப் பழக்கமும் இருக்காது."

பஸ்ஸில் ஒரு பதில்

என் வீட்டுக்காரரின் அக்கா ராஜபாளையத்தில் மில்லில் வேலை பார்க்கிறார். மதினி என்று கூப்பிடுவேன். இல்லம் பார்க்கிற சேதி அவர் காதுக்குப் போனதும், "எங்கப்பாவ அனாதை மாதிரி கொண்டு போய்த் தள்ளப் போறியாட்டி? இங்க கொண்டா, நான் பாத்துக்கிடுதேன்" என்று போனிலேயே அழுதார். சரி, பெற்ற மகள். நான் மாமாவையும் யாழினியையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மேற்கே மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. சாரல் காற்று. மாமா ஜன்னலோரம், அவர் மடியில் யாழினி. வயல், தென்னந்தோப்பு, வயல் என்று ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குக் கண் சொருகியது. பஸ் ஓடவில்லை, நாங்கள் ஒரே இடத்தில் இருக்க, பச்சையெல்லாம் தண்ணீராகி எங்களைத் தாண்டிப் போகிறது என்று தோன்றியது. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் மாமா சட்டென்று எழுந்து, "ஏலே, வண்டிய நிப்பாட்டுலே! நாத்து காயுது, மடை அடைச்சுக் கெடக்கு!" என்று படிப்பக்கம் போனார். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "மாமா, அது நம்ம வயல் இல்ல, நீங்க இப்ப வேலையில இல்ல" என்று நான் கெஞ்சுகிறேன், கேட்கவில்லை. கண்டக்டர் வந்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் குனிந்து வயலை நன்றாகப் பார்த்துவிட்டு, மாமா தோளில் கை வைத்தார். "அது அடுத்த தாலுகா ஐயா, அவிய ஆளு வந்து தொறப்பான். நீங்க செத்த உக்காருங்க."

மாமா உட்கார்ந்துவிட்டார்.

இனி எந்த இல்லத்துக்குப் போனாலும் தரையையும் கட்டிலையும் பிறகு பார்க்கலாம், மாமா தண்ணீர் என்று சொன்னால் என்ன பதில் வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்று அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன்.

மதினியின் குடங்கள்

மதினி இருப்பது ஒரு காம்பவுண்டு வீட்டில். ஆறு குடித்தனம், ஒரே குழாய். நகராட்சித் தண்ணீர் நினைத்துக்கொண்டால் வரும். அதனால் எல்லோர் வாசலிலும் குடம் குடமாகப் பிடித்து மூடி வைத்திருப்பார்கள். நான் ஊருக்குத் திரும்பி இரண்டாம் நாள் காலையில் மதினி போன் போட்டார். முதலில் பத்துப் பொம்பளைகள் ஒரே நேரத்தில் கத்துகிற சத்தம்தான் கேட்டது. விசயம் இதுதான். மதினி குளிக்கப் போன நேரத்தில் மாமா ஆறு வீட்டுக் குடத்தையும் ஒன்று விடாமல் சாக்கடையில் சாய்த்துவிட்டார். கேட்டதற்கு, "கடைமடைக்குத் தண்ணி எட்டல" என்றாராம்.

"அவருக்கு என்ன தெரியும் மதினி, நீங்க அழாதீங்க" என்றேன். "நான் எங்கட்டி அழுதேன்? எதிர்வீட்டுக்காரி அழுதுக்கிட்டிருக்கா" என்றவர், மூக்கை உறிஞ்சிவிட்டுக் குரலைத் தணித்தார்: "ஏட்டி பேச்சி, நீ பாக்குற இல்லத்துல எனக்கும் ஒரு கட்டில் சொல்லி வையி."

மேலக்காட்டுக்கு முறை

அடுத்த இல்லத்துக்கு மாமாவையும் யாழினியையும் கூட்டிக்கொண்டே போனேன், மதினியும் லீவு போட்டுவிட்டு வந்தார். ராஜபாளையத்துக்கு வெளியே, மலையைப் பார்த்த ஒரு மாந்தோப்புக்குள் பழைய வீடு. சொல்லாமல்தான் போனோம். சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. சாப்பாடு வர நேரமாகிவிட்டது என்று ஒரு தாத்தா தட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். மதினி என்னை இடித்து, "போன எடத்துல தரை பளபளன்னு இருந்துச்சுன்னியே" என்றார். நான் நகத்தைப் பார்த்தேன். வெட்டியிருந்தது. கிணற்றுக்கு இரும்பு வலை போட்டிருந்தது. ஒரு காலை வைத்து மிதித்தும் பார்த்தேன். அங்கே வேலை பார்க்கிற லட்சுமியம்மா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். அவர் பேசுகிற தமிழ் தொட்டில் மாதிரி லேசாக ஆடும். "யாராவது வெளியில போயிருக்காங்களா?" என்று கேட்டேன். "ஒருத்தர் போயிட்டாரு. சாயங்காலம் வரைக்கும் தேடித்தான் பிடிச்சோம். அதுக்குப் பொறவுதான் கேட்டுக்கு உள்பூட்டு" என்றார். மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. மதினி போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

பேச்சுக்கு நடுவில் மாமாவைக் காணோம். முற்றத்துக் குழாயடியில் நின்றார். முழுக்கத் திறந்துவிட்டார். வழக்கம்போல நான் ஓடப் பார்த்தேன். பிறகு பஸ் ஞாபகம் வந்து, மதினியின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். லட்சுமியம்மா மெதுவாகப் போனார். குழாயைத் தொடவில்லை. "பெரியவரே, இப்ப யாருக்கு முறை?" என்றார். மாமா நிமிர்ந்தார். "மேலக்காட்டுக்கு." "எம்புட்டு நேரம்?" மாமா வெயிலைப் பார்த்தார், மாமர நிழலைப் பார்த்தார். "நெழல் அந்தக் கல்லுக்கு வரட்டும்." லட்சுமியம்மா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். யாழினி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தண்ணீர் வேரைச் சுற்றிச் சுற்றிப் போனது. ஒரு பழுத்த இலை அதில் ஏறிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் புறப்பட்டது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். தட்டைத் தட்டின தாத்தாகூட நிறுத்திவிட்டார்.

நிழல் கல்லைத் தொட்டது. மாமா தானாகவே குனிந்து, குழாயை இறுக்கி அடைத்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேலை முடிந்த ஆள் மாதிரி வந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இத்தனை நாளில் அவர் அடைத்து நான் பார்த்ததே இல்லை. திறந்த மறு நிமிசம் நான்தான் ஓடி அடைத்துவிடுவேனே, பாதியில் பிடுங்கின வேலைக்கு மனுசர் மறுபடி மறுபடி எழுந்து வராமல் என்ன செய்வார்? மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்களுக்கு வயக்காட்டு வேலை தெரியுமாம்மா?" என்று கேட்டேன். "எனக்கு என்னம்மா தெரியும், நான் மில்லுல பஞ்சு பொறுக்குனவ. தொறந்தவருக்கு அடைக்கத் தெரியாமலா இருக்கும்னு உக்காந்துட்டேன்."

கொண்டு போய் விட்ட நாள்

மதினி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம் எல்லாம் வைத்து எடுத்து வந்தார். "அனாதை மாதிரி இல்லாம முறையாப் போகட்டும்" என்றார். மண்வெட்டியை இல்லத்தில் ஏற்கமாட்டார்கள் என்பதால் இரும்பைக் கழற்றிவிட்டு மரக்கணையை மட்டும் கொடுத்துவிட்டோம். மாமா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு தோப்பைச் சுற்றிவந்தார். யாழினிக்கு அழுகை வரவில்லை. தாத்தாவுக்குப் புது வேலை கிடைத்துவிட்டது என்று பஸ்ஸிலேயே எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் கேட்டுக்கு வெளியே கால் போகவில்லை. பிள்ளை பிழைத்தது என்று ஒரு மனசு, இவரை விட்டுப் போகிறாயே என்று ஒரு மனசு. மாமாவுக்கு எதிரில் போய் நின்று, "நான் போயிட்டு வாரேன் மாமா" என்றேன்.

என்னை உற்றுப் பார்த்தார். மருமகள் என்று தெரியவில்லை. ஆனால் தண்ணீருக்காகக் காத்து நிற்கிற ஆள் என்று மட்டும் தெரிந்துவிட்டது போல. கணையைத் தரையில் ஊன்றிக்கொண்டு சொன்னார்: "நீ போம்மா. ஒன் வயல் எங்கயும் போகாது. வெடியக்காலம் நானே பாச்சி விட்டுருதேன், நீ நிம்மதியாத் தூங்கு."

ஒரு சென்ட் வயல்கூட இல்லாத எனக்கு இப்போது ராஜபாளையத்தில் முறைத்தண்ணீர் இருக்கிறது, அது ஒழுங்காகப் பாய்கிறதா என்று பார்க்க ஞாயிறுதோறும் பஸ் ஏறிவிடுகிறேன், தூக்கம் மட்டும்தான் குழாய்ச் சத்தம் இல்லாத எங்கள் வீட்டில் விடியக்காலமானால் தானாகக் கலைந்துவிடுகிறது.