உறுமல் நின்ற வீடு

எங்கள் வீட்டுச் செவலை நாய் ஒரு முறை சாமியாரைப் பார்த்து உறுமியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஈஸ்டர் முடிந்து வீடு மந்திரிக்க வந்திருந்தார் பங்குச் சாமியார். வெள்ளை அங்கி, கையில் தீர்த்தச் செம்பு, பின்னால் பாட்டுப் பாடியபடி தெருப் பெண்கள். திண்டுக்கல் ஊர் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில், புதிதாக மனை போட்ட தெருவில் இருக்கிறது எங்கள் வீடு. முன்பின் தெரியாத ஆள் வந்தால் செவலை கேட்டருகே நின்று தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடும். அன்றும் உதட்டை லேசாகத் தூக்கி, தொண்டைக்குள்ளேயே உர்ரென்றது. சாமியார் நல்ல மனிதர். "புடிச்சுக் கட்டுங்கம்மா, செத்த நேரம் நிக்கிறேன்" என்று வெளியிலேயே நின்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம், என் மாமியாரைத் தவிர.

அத்தை ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் எதிரே கைகட்டி நின்றவர்கள் ஊரில் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். "சாமியாரையே உறுமுதே, நாளைக்கு ஊருல என்ன பேசுவாக?" என்று அன்று முழுவதும் புலம்பினார். மறுநாளிலிருந்து அவர் கையில் சுருட்டிய செய்தித்தாள் ஏறியது. பால்காரரைப் பார்த்து நாய் உறுமினால் "வாய!" என்று மூக்கில் ஒன்று. சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் போய் அது உறுமினால் இன்னொன்று. வலிக்கிற அடி இல்லை, அவமானப்படுத்துகிற அடி. அத்தையிடம் படித்தவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மழைக்காலம் வருவதற்குள் செவலை வாயை மூடிக்கொண்டது. "நாய் வால நிமித்த முடியாதுன்னு எவன் சொன்னான்?" என்று அத்தை தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். "நம்ம நாய் ஞாயித்துக்கெழம கோயில்ல மறைக்கல்வி வகுப்புக்குப் போகுது" என்று என் கணவர் கேலி செய்தார். வந்துபோகிறவர்கள் எல்லாம் அதன் மரியாதையை மெச்சினார்கள்.

எனக்கு மட்டும் அந்த மௌனம் ஒத்துக்கொள்ளவில்லை. நான் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு ஆசிரியை. எங்கள் வகுப்பிலும் கடிக்கிறவர்கள் உண்டு. கோபத்தைச் சொல்லிவிட்டுக் கடிக்க அந்த வயதில் வார்த்தை வராது. ஆனால் கடிப்பதற்கு முன் விளையாடுகிற கை நின்றுவிடும், தோள் ஏறிவிடும், கண் ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். அதைப் பார்த்துப் பக்கத்துப் பிள்ளையை நகர்த்தினால் தப்பித்தோம். இல்லாவிட்டால் சாயங்காலம் பல் பதிந்த கையோடு ஒரு அம்மா வந்து நிற்பார்.

அந்தக் கண்ணோடு பார்த்தால் செவலைக்குக் கோபம் போகவில்லை, குரல்தான் போயிருந்தது. அது சாப்பிடும்போது என் மகள் கிட்டே போனால் மெல்லுவது நின்றுவிடும். தலை தட்டிலேயே இருக்கும், கண் மட்டும் ஓரத்துக்கு வந்து வெள்ளை தெரியும். சில நேரம் தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும், மூக்கை நக்கிக்கொள்ளும். "பாவம், அதுக்குத் தூக்கம் வருது" என்பார் என் கணவர். மகளுக்கு அப்போது மூன்று வயது. நாயின் கழுத்தைக் கட்டிக்கொள்வதில் அவளுக்கு அலாதி இன்பம். கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்படி எடுத்த ஒரு போட்டோவுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் இதயம் இதயமாக அனுப்பியிருந்தார்கள். அதில் மகள் பல் தெரியச் சிரிக்கிறாள், நாய் கண் வெளுத்துச் சுவரைப் பார்க்கிறது. எந்த நாள் அது என் பிள்ளையின் முகத்தில் பல்லை வைக்குமோ என்று பயந்தேன்.

"அத்தை, அது உறுமாம இருக்குறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்று ஒருநாள் சொல்லியும் பார்த்தேன்.

"நல்லா இருக்கே கத! உறுமுனா பயப்படலாம், உறுமலன்னா என்னத்துக்குப் பயம்? கொரைக்கிற நாயே கடிக்காதும்பாக. இது கொரைக்கக்கூட இல்லையே!"

குரைக்கிற நாய் ஏன் கடிப்பதில்லை என்று பிறகு யோசித்தேன். அது குரைத்த உடனே நாம் விலகிக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கறிச்சோறு சாப்பிட்டோம். செவலைக்குப் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கு அருகில் எலும்பு வைத்திருந்தோம். அடுப்படி வாசலுக்கு வந்த நான் அப்போதுதான் பார்த்தேன். மகள் தன் தட்டில் இருந்த எலும்பை எடுத்துக்கொண்டு, "இந்தா, இதையும் தின்னு" என்று குனிந்து நின்றாள். நாய் கல்லாகியிருந்தது. ஒரு முடிகூட அசையவில்லை. நான் கத்தினால் அவள் திடுக்கிட்டு அதன் மேலேயே விழுவாள். எப்படியோ வகுப்பில் பேசுகிற ராகத்தை வரவழைத்து, "யாருக்கு அப்பளம் வேணும்?" என்றேன். மகள் எலும்பைக் கீழே போட்டுவிட்டு, "எனக்கு!" என்று ஓடி வந்தாள். அவளை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

கை கழுவ வந்த அத்தை நாயின் கண்ணைப் பார்த்தார். "என்ன மொறைப்பு?" என்று மூக்கில் தட்டக் கையை ஓங்கினார். ஒரு சத்தமும் இல்லை. கை அதன் வாய்க்குள் போனதையும் வந்ததையும் நான் பார்க்கவே இல்லை, சேலையில் ரத்தத்தைத்தான் பார்த்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா மஞ்சள் தூளோடு ஓடி வந்தார். அதைத் தடுத்துவிட்டு, குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவினேன். பிறகு பெரியாஸ்பத்திரிக்கு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். ஊசிக்கு உட்கார்ந்திருக்கையில் அத்தை யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல? உறுமவே இல்லையே."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்ச மனம் வராமல், மருந்துச் சீட்டு வாங்க எழுந்து போனேன்.

நாயைக் கொஞ்ச நாள் கட்டிவைத்துக் கண்காணிக்கச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அதற்கு வெறி ஒன்றுமில்லை என்று ஆனதும், சிறுமலையில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் தன் நண்பரிடம் விட்டுவிடலாம் என்றார் கணவர். நானும் சரி என்றேன். எனக்கு என் பிள்ளைதான் முக்கியம், நாய் அடுத்துத்தான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார் அத்தை.

"சிறுமலையில பிள்ளைக இல்லையா?" என்றார். "அங்கனயும் ஒரு பிள்ள எலும்போட வரும். அப்பளம் வேணுமான்னு கேக்க அங்க யாரு இருக்கா? இங்கனயே கெடக்கட்டும். இனிமே அது திங்கிறப்ப ஒருத்தரும் கிட்டப் போகக் கூடாது. இந்த வீட்டுல பேப்பர் இனி வாசிக்க மட்டும்தான்."

பின்பக்கத்தில் கம்பிவலைத் தடுப்பு வைத்தோம். நாய் அதற்குள் சாப்பிட்டது. மகளையும் நாயையும் தனியாக விடுவதில்லை. மகளுக்கு விளையாட்டாகவே சொல்லிக்கொடுத்தேன். செவலை சிலையானால் நீ மெதுவாகப் பின்னால் வா, ஓடாதே, கண்ணைப் பார்த்து முறைக்காதே. அது முகத்தைத் திருப்பினால், 'போதும், விடு' என்று அர்த்தம். பெரியவர்களைவிட அவள் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். "அப்பா, அது மூஞ்சியத் திருப்பிருச்சு, விடுங்க" என்று தகப்பனையே அதட்டினாள்.

மறுபடி உறுமல் வரப் பல மாதங்கள் ஆயின. சிலிண்டர் போட வந்தவரைப் பார்த்து ஒருநாள் சின்னதாக உர்ரென்றது. உடனே தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடி அடிக்குக் காத்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டுக்குள்ளிருந்து அத்தை, வருகைப் பதிவுக்குப் பிள்ளை 'உள்ளேன்' சொன்னதை ஏற்றுக்கொள்கிற குரலில், "சரி, கேட்டுச்சு" என்றார்.

அதற்கடுத்து வந்த கிறிஸ்துமஸுக்குக் கொடைரோட்டிலிருந்து கணவரின் சித்தப்பா வந்தார். பாசக்காரர், கொஞ்சம் முரட்டுப் பாசம். வந்ததும் மகளைத் தூக்கி மடியில் வைத்து, கன்னத்தைக் கிள்ளி, தாடியால் தேய்த்து, "தாத்தாவுக்கு ஒரு முத்தம் குடு" என்றார். மகள் முகத்தைத் திருப்பினாள். அவர் விடவில்லை. "குடு பாப்பா, ஆசையா கேக்குறாருல்ல" என்று சுற்றியிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் உடம்பு விறைத்தது. காபித் தம்ளரோடு நான் வாசற்படியில் நின்றேன். கால் நகர்வதற்குள் அவள் வாயிலிருந்து உர்ரென்று வந்தது, அசல் உறுமல்.

வீட்டுக்கு வந்த பெரியவரைப் பார்த்துப் பிள்ளை உறுமியிருக்கிறது. அத்தையின் கை பழக்கத்தில் மேலே எழுந்ததைப் பார்த்தேன். எழுந்த கை பாதியில் நின்றது. பெருவிரலுக்குக் கீழே வெள்ளையாகத் தழும்பு தெரிந்தது. அத்தை ஒரு கணம் அதைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளைய எறக்கி விடுங்க," என்றார். "வேண்டாங்குதுல்ல."

அவர் இறக்கிவிட்டார். என்னிடம்தான் வருவாள் என்று தம்ளரைக் கீழே வைத்துக் கையை நீட்டினேன். அவள் என்னைக் கடந்து போய், அத்தையின் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.