மீன் எண்ணெய் பூசிய கார்

கல்யாணப் பெண் காருக்கு அடியில் கிடந்தாள். மணப்பாடு ஊரில் யாரும் இதற்கு மூக்கின்மேல் விரல் வைக்கவில்லை. கிளாடிஸ் என்றால் அப்படித்தான்! தூத்துக்குடி துறைமுகச் சாலையில் ஒரு பட்டறையில் அவளுக்கு வேலை. ஏர் சஸ்பென்ஷன் வண்டி எது வந்தாலும் அவள் தலையில்தான் கட்டுவார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வில்பிரட்டிடமே, "ஒங்க வண்டியில ஏதோ சத்தம் கேக்கே" என்று போனட்டைத் திறக்கச் சொன்னவள் அவள்.

அன்று காலை வாசலில் நின்ற கார் இடது பின்பக்கம் தரையோடு உட்கார்ந்திருந்தது. அந்தக் காருக்கு ஸ்பிரிங் கிடையாது, சக்கரத்துக்கு ஒரு காற்றுப் பை. பை சப்பிவிட்டால் டயர் உரசும், ஓட்ட முடியாது. வண்டி அண்ணன் பாஸ்கலுடையது. அவனோ கப்பலில், நடுக்கடலில், லீவு கிடைக்காமல். "நான்தான் வர முடியல. என் வண்டியிலயாவது கோயிலுக்குப் போளா" என்று போனில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தான். அதைக் கேட்டு அழுதவள், போனால் அந்த வண்டியில்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

வேன் ஓட்டும் செந்தூர்பாண்டி குனிந்து பார்த்தார். "காத்தடிக்கிற கம்ப்ரசர் போயிட்டு தங்கச்சி. கோளாறு பாக்குற ஒன் ஸ்கேனரும் அதத்தான சொல்லுது. பேசாம வேன்ல ஏறு."

"அண்ணாச்சி, கம்ப்ரசர்தான் கோளாறுன்னா ஒரு மூலை மட்டும் ஏன் எறங்குது? எங்கனயோ காத்து ஒழுகுது. நெரப்பி நெரப்பி சூடேறித்தான் அது நின்னுருக்கு."

தலையில் மல்லிகை, உடம்பில் அப்பாவின் பழைய சட்டை. ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, பம்ப் வைத்துக் காற்றேற்றி, சோப்புத் தண்ணீரை அடித்தாள். பையில் ஒரு குமிழி இல்லை. வால்விலும் இல்லை. உள்ளேயிருந்து, "ஏளா, சேலை கட்ட வாரியா இல்லயா?" என்று பெண்கள் கத்தினார்கள். அவள் காதில் விழுந்தால்தானே! குழாயைத் தடவிக்கொண்டே போனவளுக்கு மூக்கைத் துளைத்தது ஒரு வாடை. அங்கேயே புஸ்ஸென்று நுரை பொங்கியது.

"ஆம்புட்டுட்டு! பெருச்சாளி கடிச்சிருக்கு! அப்பா, இங்கன எதுக்கு மீன் எண்ணெய்?"

அப்பா இஞ்ஞாசிக்கு முகம் செத்துப்போயிற்று. "உப்புக்காத்து இரும்ப அரிச்சிருமே ஏளா. வள்ளத்துக்குப் பூசுறாப்புல அடியெல்லாம் பூசுனேன். பத்திரமா பாத்துக்கிடுங்கன்னு பாஸ்கல் சொன்னாம்லா." அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். "எங்கையாலயே ஒன் கல்யாணத்தக் கெடுத்துட்டனே."

"பெருச்சாளிக்கு விருந்துல்லா வச்சிருக்கிய!" அவள் அடியில் கிடந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தாள். "ஒண்ணும் கெடல, அழாதிய."

கடிபட்ட துண்டை வெட்டியெறிந்து, டூல்ஸ் பெட்டியிலிருந்த ஜாயிண்ட் போட்டு இணைத்து, ஸ்டாண்டை எடுத்து வண்டியை இறக்கினாள். கம்ப்ரசர் ஆறட்டும் என்று போய்ச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். சாவியைத் திருப்பியதும் கர்ரென்று சத்தம். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பின்பக்கம் அசைந்தது, எழும்பியது, நேராக நின்றது. அடேயப்பா, பெண்கள் போட்ட குலவை கடற்கரை வரைக்கும் கேட்டிருக்கும்!

ஸ்டியரிங்கை அவள் யாருக்கும் கொடுக்கவில்லை. அப்பாவைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு, கல்யாணம் நடக்கவிருந்த தூத்துக்குடி மாதா கோயிலுக்குத் தானே ஓட்டினாள். கோயில் வாசலில் கதவைத் திறந்த வில்பிரட் மூக்கைச் சுளித்தான்.

"இது என்ன வாடை?"

"எங்கப்பா பூசுன மீன் எண்ணெய்" என்றாள் கிளாடிஸ், சத்தமாக.

இஞ்ஞாசி போனை வாயருகே கொண்டுபோனார். "ஏலே பாஸ்கலு, தங்கச்சி ஒன் வண்டியிலதாம்ல வந்து எறங்கியிருக்கா" என்றார். அதை அப்படியே கப்பலுக்கு அனுப்பிவிட்டார்.