குளியலறையில் பிழிந்த கோஸ் சாறு

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாக்கிங் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, டீக்கடை வரைக்கும் மட்டும் நடக்கிற ஆள் நான். போன வாரம் அந்தக் கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜூஸ் வண்டி நின்றது. அருகம்புல், வெண்பூசணி, வாழைத்தண்டு என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசியில் சிவப்பு மையில் ‘அல்சருக்கு முட்டைக்கோஸ் சாறு’ என்று போட்டிருந்தார்கள். பச்சைக் கோஸைப் பிழியும்போது ஒரு வாடை வரும், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது மூக்கில் ஏறியதும் டீயே வேண்டாம் என்று திரும்பிவிட்டேன். அருவருப்பு இல்லை. வெட்கம்.

காய்கறி வாடைக்கு வெட்கப்படுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். சொல்கிறேன்.

பாலிடெக்னிக் முடித்த கையோடு ஓசூருக்கு வந்தேன். செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை, லேடீஸ் ஹாஸ்டலில் இருப்பு. சொந்த ஊர் விருதுநகர்ப் பக்கம், காரம் இல்லாமல் சோறு இறங்காத வீடு. முதல் ஷிப்ட் பஸ் வந்து நிற்கிற நேரத்துக்கு மெஸ்ஸில் அடுப்பே எரியாது. நாள் முழுக்க நின்றபடி வேலை. கால் குடைச்சலுக்கு வலி மாத்திரை, அதையும் வெறும் வயிற்றில் போடுவோம். கெட்டிக்காரப் பெண்கள் என்றுதான் எங்களை வேலைக்கு எடுத்திருந்தார்கள். கொஞ்ச நாளில் என் வயிறு நெருப்பாக எரிய ஆரம்பித்தது.

என் அறையில் இருந்த மஞ்சுளா கிருஷ்ணகிரிப் பக்கத்து வேப்பனப்பள்ளிக்காரி, தெலுங்கு பேசுகிற குடும்பம். வீட்டில் மாந்தோப்பும் கொஞ்சம் காய்கறித் தோட்டமும் உண்டு. வைத்தியமெல்லாம் தோட்டத்திலேயே இருக்கிறது என்பது அவள் கட்சி. “டாக்டருகிட்ட போனா லீவு போவும், சம்பளம் போவும். கோஸ் சாறு குடிச்சா கோஸு மட்டுந்தான் போவும்” என்றாள். எனக்கு அந்தக் கணக்கு பிடித்துப் போயிற்று.

மணத்தக்காளிக் கீரையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து அவள் அம்மா தூக்குவாளியில் கொடுத்துவிடுவார். அது அமிர்தம். கிருஷ்ணகிரி நாட்டு மருந்துக் கடையிலிருந்து அதிமதுரப் பொடி வந்தது, பேர் எழுதாத காகிதப் பொட்டலத்தில். இனிப்பாக இருக்கும், அதிலும் குறை இல்லை. வெண்பூசணியை மட்டும் மஞ்சுளாவே வேண்டாம் என்று ஒதுக்கினாள். திருஷ்டிக்கு உடைக்கிற காயை அறைக்குள் பார்த்தால் வார்டன் செய்வினை என்று ரகளை பண்ணிவிடுவார் என்று அவளுக்குப் பயம். கோஸைப் பார்த்து யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

அறையில் சமைக்கக் கூடாது, மிக்சி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஹாஸ்டல் சட்டம். அதனால் விடிகாலையில் நாங்கள் இரண்டு பேரும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வோம். அவள் கோஸைத் துருவிப் பழைய துப்பட்டாவில் கட்டிப் பிழிவாள். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். பாதி நாள் அது போன வேகத்திலேயே திரும்பி வந்துவிடும். எரிச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரியும் இருந்தது. மஞ்சுளா எதிரில் நின்று “கொறஞ்சுதா?” என்று கேட்கும்போது குறையாமல் இருக்க முடியுமா?

வார்டனை ஆன்ட்டி என்போம். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் ஆகாத ஒருத்தி விடிந்தும் விடியாமல் வாந்தி எடுக்கிறாள். மெஸ்ஸில் குழம்பைத் தொடுவதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு துணியில் எதையோ பிழிந்து குடிக்கிறாள். தலையணைக்கு அடியில் பேரில்லாத நாட்டு மருந்து. நீங்கள் ஆன்ட்டியாக இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? அவர் பொட்டலத்தை என் முன்னால் நீட்டி, “வயித்துல இருக்கறத கலைக்கறதுக்கா இது?” என்று கேட்டார்.

அல்சர் என்றேன். எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்றார். மஞ்சுளா ஆத்திரத்தில் தெலுங்குக்கு மாறிச் சண்டைக்குப் போனாள். அவளும் உடந்தை என்று ஆயிற்று. ஆன்ட்டி என் அப்பாவுக்குப் போன் போட்டார். பெண் நாட்டு மருந்து சாப்பிடுகிறது, வந்து பாருங்கள், விஷயம் அதுதான் என்றால் வேலையும் வேண்டாம், ஹாஸ்டலும் வேண்டாம், கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொன்னார்.

மறுநாள் காலையில் அப்பா வந்து நின்றார். விசேஷத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டில் எழுதிக்கொண்டே, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று சத்தமாகக் கேட்டார். அப்பா சட்டென்று எழுந்து போய், சுவரில் இருந்த கண்தான விளம்பரத்தைப் படிக்க ஆரம்பித்தார். நான் தேதி சொல்லி முடித்த பிறகும் படித்துக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் முடிவு வரும்வரை அந்தத் தேதியிலிருந்து விரல்விட்டு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், இரைப்பையில் நல்ல புண் என்றார். கிருமியும் இருக்கிறது, மாத்திரையை நடுவில் விடாமல் சாப்பிட வேண்டும், வலி மாத்திரை பக்கமே போகக் கூடாது, கீரையும் மோரும் நல்லதுதான், ஆனால் கோஸ் சாறு கிருமியைக் கொல்லாது என்றார். அப்பா சிரித்தார். வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்குப் போன் போட்டு, அல்சர்தானாம், அல்சர்தானாம் என்று பரீட்சையில் நான் பாஸான மாதிரி சொன்னார். குழாய் விடுவதற்கு அடித்த மருந்தில் தொண்டை மரத்துப் போய்ப் பேச முடியாமல் படுத்துக்கொண்டு கேட்டேன். கோபம் வந்திருக்கலாம், நன்றாக இருந்திருக்கும். அவமானம்தான் வந்தது. அவர் சிரித்த அளவுக்கு, அதற்கு முன்னால் அந்த இன்னொன்றை நம்பியிருக்கிறார்.

வெளியே வந்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை கடைக்காரர் வெட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நான் ஒண்ணும் தப்பா நெனைக்கல தாயி” என்றார்.

நான் கேட்கவே இல்லை.

முன்னாடியே ஒழுங்காகச் சொல்லியிருக்கலாமே என்று ஆன்ட்டி கடிந்துகொண்டார், அவ்வளவோடு முடிந்தது. மாத்திரையில் புண் ஆறியது. மஞ்சுளா அது கோஸால் ஆறியது என்றாள், நானும் மறுக்கவில்லை. அவள் கல்யாணமாகி மாலூர்ப் பக்கம் போய்விட்டாள். ஹாஸ்டல் இருந்த கட்டடத்தில் இப்போது டைல்ஸ் கடை.

போனது அவை மட்டும் இல்லை. முன்பெல்லாம் லீவுக்கு ஊருக்குப் போகும்போது பஸ் கொஞ்சம் தாமதமானால் போதும், அப்பா தெருமுனையிலேயே நின்று, “எங்க போய்த் தொலைஞ்ச இம்புட்டு நேரம்?” என்று நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட அப்படிக் கத்தவில்லை. வழியில் பஸ் பழுதாகி எத்தனை நேரம் கழித்துப் போய் இறங்கினாலும், பையை வாங்கிக்கொண்டு, மோர் இருக்கிறது, குடி என்கிறார். எங்கே போனாய் என்று என்னைக் கேட்க அவருக்குக் கூச்சம்.